நாடாவின் கண்

முத்திருளனுக்கு வாயின் இரண்டு கடைகளும் வெடித்திருந்தன. வெடித்ததுகூடப் பெரிதில்லை. எப்போது வெடிக்கிறது, எப்போது ஆறுகிறது என்பதுதான் அவனுக்குப் பிடிபடவில்லை.

முதலில் மார்கழியில் வந்தது. பனி என்று நினைத்தான். தைப்பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் இருந்தான், ஆறிவிட்டது. அப்படியானால் பனி இல்லை, செல்லூர்த் தண்ணீர்தான் ஆகவில்லை என்று முடிவு கட்டினான். திரும்பி வந்து அதே செல்லூர்த் தண்ணீரை மாசி முடியும் வரை குடித்தான். வாய்க்கு ஒன்றும் வரவில்லை. பங்குனி பிறந்து எட்டாம் நாள், பனியும் இல்லாமல், தண்ணீரும் மாறாமல், மறுபடி வெடித்தது. அதே வீடு, அதே கம்பஞ்சோறு, அதே கடை வெற்றிலை.

இந்தத் தடவை கொஞ்சம் மோசம். உதட்டைச் சுற்றி ஒரு விரற்கடை அகலத்துக்குத் தோல் சிவந்து செதில் செதிலாக உரிந்தது. கொட்டாவி விட்டால் கடை பிளந்து ரத்தம் வந்தது. சோற்றைக் கோலிக்குண்டு அளவுக்கு உருட்டித்தான் உள்ளே தள்ள முடிந்தது.

அவன் செல்லூரில் ஒரு தறிக்கூடத்தில் துண்டு நெய்பவன். எட்டுத் தறி போட்ட ஓட்டுக் கொட்டகை அது. ஊர் கருமாத்தூர்ப் பக்கம். மானாவாரி நிலம் இரண்டு வருஷம் ஏமாற்றியதும் மதுரைக்கு வந்து தறி பழகினான். கல்யாணமாகி ஒன்றரை வருஷம். மனைவி செல்லத்தாய் தாய்மாமன் மகள்தான். மூன்று மாதமாக முழுகாமல் இருந்தாள். புண்ணைப் பார்த்த அவளுடைய அப்பா நல்லகாமன் பங்குனி நடுவில் வந்து அவளை ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார். இப்போது ஒரு வியாழக்கிழமை காலையில் அவர் மட்டும் தனியே தறிக்கூடத்து வாசலில் வந்து நின்றார்.

"வாங்க மாமா. செல்லத்தாய் எப்பிடி இருக்கா?"

"வாயைக் காட்டு."

முத்திருளன் காட்டினான். நல்லகாமன் வெயிலுக்கு நேராக அவன் முகவாயைத் திருப்பிப் பார்த்தார். விரலை உடனே வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அப்பிடியேதான் இருக்கு."

"சூட்டுப் புண்ணு மாமா. வெயில் காலம்ல?"

"என் தம்பியும் ரெங்கோன்ல இருந்து வந்து எறங்கி, சூட்டுப் புண்ணுன்னுதான்டா சொன்னான்."

முத்திருளனுக்கு அந்தக் கதை தெரியும். ஊருக்கே தெரியும். அந்தத் தம்பி அங்கே தாசி வீடுகளுக்குப் போய்க் கொண்டுவந்தது மேகநோய். ஒரு வருஷத்தில் மனைவிக்கும் தொற்றி, பிறந்த பிள்ளை தோல் உரிந்து செத்து, பிறகு இருவரும் போனார்கள். மூன்று பேரையும் சுடுகாட்டுக்குத் தூக்கியவர் நல்லகாமன். டவுனுக்குப் போன மருமகன் வாயில் புண்ணைப் பார்த்ததும் அவருக்கு வேறு எதுவும் தோன்றவில்லை.

"ஆத்தா சத்தியமா நான் எவ வீட்டுக்கும் போகல மாமா."

"சத்தியம் வாய்ல இருந்துதான வருது. அந்த வாயைத்தான நான் நம்பல." அவர் குரலைத் தாழ்த்தினார். "வர்ற சனி இல்ல, அதுக்கு அடுத்த சனி. சாவடியில கூட்டம் சொல்லிருக்கேன். அன்னைக்கு ஒன் வாய் ஆறியிருந்தா எம் மகளக் கூட்டிக்கிட்டுப் போ. ஆறலைன்னா துரும்பு கிள்ளிருவோம்."

அவர்கள் ஊரில் ஒரு கல்யாணத்தைத் தீர்த்துவிட அவ்வளவுதான் வேண்டும். பெரியவர்கள் முன்னிலையில் ஒரு வைக்கோல் துரும்பை இரண்டாகக் கிள்ளி, ஆளுக்கொரு பாதி கொடுத்துவிட்டால் உறவு அறுந்தது. பிறகு எந்தக் கோர்ட்டும் அதை ஒட்ட முடியாது.

"அவ என்ன சொல்றா?"

"சோறு திங்க மாட்டேங்கிறா. அதுக்காக? வயித்துல இருக்கறதையும் சேத்துக் குழியில எறக்கச் சொல்றியா?"

அவர் நிற்காமல் போய்விட்டார். ஒன்பது நாள் இருந்தது.

அன்று பிற்பகலே முத்திருளன் வைகையைக் கடந்து தெற்கு வெளி வீதியில் ஒரு வைத்தியரிடம் போனான். அவர் எட்டி நின்றே பார்த்தார். "எங்க போய் வாங்குனது?" என்று மட்டும் கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் மயில்துத்தத்தைச் சுட்டுப் பொடித்து எண்ணெயில் குழைத்துக் கொடுத்தார். பத்தியம் சொன்னார்: புளி, கத்தரிக்காய், மிளகாய் கூடாது; வெற்றிலை கூடவே கூடாது.

மயில்துத்தம் சதையை அரிக்கிற சரக்கு. அழுகிய புண்ணில் வைத்தால் அழுகலை அரித்துவிட்டு நல்ல சதையை மேலே வரவிடும். முத்திருளனுக்கு அழுகல் எதுவும் இல்லை. அது அரித்ததெல்லாம் நல்ல சதை. வெள்ளி இரவும் சனி காலையும் தடவினான். ஞாயிற்றுக்கிழமை வாய்க்கடைகள் வெளுத்துப்போய் முன்னைவிட ஆழமாகப் பிளந்திருந்தன. களிம்பைத் தூக்கிக் கண்மாயில் எறிந்தான். பத்தியத்தை மட்டும் விடவில்லை. எது உதவும், எது கெடுக்கும் என்று தெரியாதவன் எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இருக்க வேண்டியிருக்கிறது.

திங்கட்கிழமை காலை, தறியில் உட்கார்ந்தவனைப் பார்த்து எதிர்த்தறிப் பேச்சிமுத்து குரல் கொடுத்தான். பேச்சிமுத்துவுக்கு மேலுதடும் கடையும் மறையத் தொங்குகிற பெரிய மீசை.

"என்ன முத்திருளா, வெத்தலைய விட்டுட்டியாம்ல?"

"ஆமா. நாலு நாளாச்சு."

"பெறகு எதுக்கு வாய் அம்புட்டுச் செவப்பா இருக்கு? பத்தியத்துல களவா?"

நாலைந்து பேர் சிரித்தார்கள். முத்திருளன் ஈரத் துண்டால் வாயை அழுத்தித் துடைத்தான். துண்டில் சிவப்பாக ஒட்டியது.

இதுநாள் வரை அந்தச் சிவப்பை வெற்றிலைச் சாறு என்று நினைத்தான். எல்லோரும் அப்படித்தான் நினைப்பார்கள். நாள் முழுக்க வெற்றிலை போடுகிற கூடத்தில் எவன் வாய் சிவக்கவில்லை? ஆனால் நாலு நாளாக வெற்றிலை தொடாதவன் வாய் ஏன் சிவக்க வேண்டும்? ரத்தமாக இருக்கலாம். துண்டின் அந்த முனையைத் தறிச் சட்டத்தில் வெயில் படும் இடத்தில் விரித்துப் போட்டான். ரத்தமென்றால் காய்ந்ததும் பழுப்பாகிவிடும். கொஞ்ச நேரம் தறியை ஓட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். துண்டு காய்ந்திருந்தது. கறை பழுப்பாகவில்லை. செங்காவியாக அப்படியே இருந்தது.

அவன் மடிக்கு முன்னால் தறியில் ஓடிக்கொண்டிருந்த துண்டும் செங்காவிதான்.

தறி எப்படி ஓடுகிறது என்று தெரிந்தால்தான் அவன் அப்போது கண்டது விளங்கும். தறியில் நீளவாட்டில் இழுத்துக் கட்டியிருப்பது பாவு. அதற்குக் குறுக்கே போவது ஊடை. ஊடை நூலைச் சின்னக் குச்சியில் கூம்பாகச் சுற்றி வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் தார். படகு மாதிரி ஒரு மரக்கட்டை, நடுவில் குழி. அதற்குப் பெயர் நாடா. தாரை அந்தக் குழியில் பொருத்தி, கயிற்றைச் சுண்டினால் நாடா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பாய்ந்து ஊடையை விரித்துக்கொண்டு போகும். நூல் வெளியே வர நாடாவின் பக்கவாட்டில் ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதைக் கண் என்பார்கள். நூல் அறுபடாமல் இருக்க அதற்குள் பீங்கான் வளையம் பதித்திருக்கும். கடுகு போகும், மிளகு போகாது.

ஒவ்வொரு தடவை தார் மாற்றும்போதும் புது நூலின் முனையை அந்தக் கண் வழியாக வெளியே கொண்டுவர வேண்டும். விரலால் முடியாது. ஊசி கோப்பது போல் உள்ளேயிருந்து கோக்கவும் குழியில் இடமில்லை. அதனால் நெசவாளிகள் எல்லோரும் ஒரே காரியம்தான் செய்வார்கள்: நாடாவைத் தூக்கி, கண்ணில் வாயை வைத்து, 'சுர்'ரென்று ஒரு உறிஞ்சு. காற்றோடு நூலும் ஓடிவந்து நாக்கில் ஒட்டும். பல்லால் பிடித்து இழுத்துவிட்டுத் தறியை ஓட்டுவார்கள். கண் இமைக்கிற நேரம். ஒரு நாளைக்கு எண்பது, தொண்ணூறு தார். மூச்சு விடுகிறவன் மூச்சை எண்ணாதது போல, எவனும் இதை ஒரு வேலையாகவே நினைத்ததில்லை.

முத்திருளன் நாடாவைக் கையில் எடுத்துக் கண்ணைப் பார்த்தான். பீங்கான் வளையத்தைச் சுற்றி மரம் செக்கச்செவேலென்று ஊறியிருந்தது. கொஞ்சம் ஊடை நூலைப் பிய்த்து, துண்டின் வெள்ளை முனையில் எச்சில் தொட்டுத் தேய்த்தான். சிவந்தது. அடுத்த தறியிலிருந்து வெள்ளை நூல் ஒரு முழம் வாங்கித் தேய்த்தான். ஒன்றுமில்லை.

பிறகு மாதங்களை யோசித்தான். மார்கழியில் பொங்கல் வியாபாரத்துக்குச் செங்காவித் துண்டு. தை கடைசியிலும் மாசியிலும் வெறும் வெள்ளை. பங்குனியில் சித்திரைத் திருவிழாவுக்கென்று மறுபடி செங்காவி. அவசரச் சரக்கு என்றால் சாயக்காரரும் அவசரப்படுவார். நூலைச் சாயத்திலிருந்து எடுத்த பிறகு, அலசுகிற தண்ணீர் தெளிவாக வரும்வரை அலச வேண்டும். ஆறு தடவை அலச வேண்டியதை இரண்டு தடவையோடு விட்டால் நூலில் பிடிக்காத சாயம் மேலேயே நிற்கும். எச்சில் பட்டால் இறங்கிவிடும். பனி, தண்ணீர், சூடு, மேகநோய் எதுவும் இல்லை. தறியில் என்ன ஓடியதோ அதுதான் அவன் வாயிலும் ஓடியது.

உடனே நல்லகாமனிடம் ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் போலிருந்தது. ஆனால் அவர் என்ன கேட்பார் என்பதும் அவனுக்குத் தெரிந்தது. அஞ்சு தறியில செவப்பு ஓடுது, ஒனக்கு மட்டும் ஏன்டா புண்ணு?

மத்தியானம் பானையடியில் காளை தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். காளை இரண்டாம் தறி; முத்திருளனுக்குப் பங்காளி முறை. இந்த வெயிலிலும் துண்டைக் கழுத்திலிருந்து வாய்வரை சுற்றியிருந்தான். செம்பைத் தூக்கி ஊற்றியவன் வாயைத் திறக்காமல் உதட்டைக் குவித்து, பாதித் தண்ணீரை மார்பில் விட்டுக்கொண்டான்.

"காளை, வாயைத் தொற பாப்பம்."

"எதுக்கு? நீ என்ன மாட்டு ஏவாரியா, பல்லைப் புடிச்சுப் பாக்க?"

முத்திருளன் துண்டைப் பிடித்து இழுத்தான். காளையின் வாய்க்கடை இரண்டிலும் அதே வெடிப்பு. உதட்டைச் சுற்றி அதே செதில்.

"சத்தம் போடாத, ஒனக்குப் புண்ணியமாப் போகும்," என்று காளை துண்டைப் பிடுங்கிக்கொண்டான். "ஆவணியில எனக்குப் பரிசம். வெளிய தெரிஞ்சா எவன் பொண்ணு குடுப்பான்? நான் எங்கயும் போகலடா. சாமி சத்தியமா."

"தெரியும். பேச்சிமுத்துக்கும் இருக்கா?"

காளை மேலுதட்டைத் தடவிக் காட்டினான். அவ்வளவு பெரிய மீசை ஒரு மாதத்தில் ஏன் வளர்ந்தது என்று முத்திருளனுக்கு அப்போதுதான் புரிந்தது. ஒருவன் துண்டால் மறைத்தான், ஒருவன் மீசையால். மேகம் என்று சொல்லிவிடுவார்களோ என்று ஒவ்வொருவனும் மறைத்ததால், இது எல்லோருக்கும் வந்தது என்பதே எவனுக்கும் தெரியாமல் போயிருந்தது. சாயங்காலத்துக்குள் அவன் தனித்தனியாகக் கேட்டுப் பார்த்துவிட்டான். வெள்ளை நெய்கிற மூன்று பேருக்கும் வாய் சுத்தம். செங்காவி நெய்கிற ஐந்து பேரில் நாலு பேருக்குப் புண்.

ஐந்தாவது ஆள் கண்ணுச்சாமி. அவனுக்கு ஒன்றுமில்லை.

அந்த ஒரு ஆள் முத்திருளனின் கணக்கையே கவிழ்த்தான். அதே நூல், அதே சாயம், அதே எண்பது தார். கண்ணுச்சாமியின் உதடு மட்டும் குழந்தை உதடு மாதிரி இருந்தது. ஒரு ஆளுக்கு வரவில்லையென்றால் சாயம்தான் காரணம் என்று எப்படிச் சொல்வது?

கண்ணுச்சாமி சுவரோரத் தறி. முன்னே வயற்காட்டுக் கூலியாக இருந்தவன். கிணற்றில் மாடு பூட்டிக் கமலை இறைத்தபோது வடம் அறுந்து சுண்டியதில் முன்பல் நாலும் போய்விட்டன. கூடத்தில் யாரிடமும் அதிகம் பேசமாட்டான். பல்லில்லாத அந்தச் சந்து நினைவுக்கு வந்ததும் முத்திருளன் தறிக்குழியில் அப்படியே நின்றான். முன்பல் இல்லாதவன் வாயால் உறிஞ்சின நூலை எதைக் கொண்டு பிடித்து இழுப்பான்?

கண்ணுச்சாமிக்குத் தார் தீர்ந்தது. அவன் நாடாவை எடுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி, குனிந்தான். முத்திருளன் சத்தமில்லாமல் பின்னால் போய் எட்டிப் பார்த்தான். 'சுர்' என்ற சத்தம் வரவில்லை. கண்ணுச்சாமியின் விரல்களுக்கிடையில் ஏதோ மின்னியது.

"அது என்ன கண்ணுச்சாமி?"

கண்ணுச்சாமி திடுக்கிட்டுக் கையை மடியில் மறைத்தான். "ஒண்ணுமில்லண்ணே."

"நான் பாத்துட்டேன். காட்டு."

"அண்ணே, மேஸ்திரி காதுல போட்டுறாதீக. பல்லில்லாதவனுக்குத் தறி எதுக்குன்னு அன்னைக்கே கேட்டாரு. நானும் உறிஞ்சுவேன்னு பொய் சொல்லித்தான் சேந்தேன். தெரிஞ்சா எடுத்துருவாரு."

"எடுத்தா நானும் கூட எந்திரிச்சிருவேன். காட்டுப்பா. எம் பொண்டாட்டி எனக்கு இல்லாமப் போகப்போறா."

கண்ணுச்சாமி அவன் முகத்தைப் பார்த்தான், பிறகு வாயைப் பார்த்தான். மெதுவாகக் கையை விரித்தான்.

தறியில் பாவு நூல்களைப் பிரித்து நிறுத்தும் சட்டத்துக்கு அச்சு என்று பெயர். சீப்பு மாதிரி நெருக்கமாக மெல்லிய இரும்புத் தகடுகள் நிற்கும். பழைய அச்சு உடைந்தால் அந்தத் தகடுகள் குப்பைக்குப் போகும். அதில் ஒன்றை எடுத்து, ஒரு முனையில் அரத்தால் சின்ன வெட்டு போட்டிருந்தான். அவ்வளவுதான். தகட்டை நாடாவின் கண் வழியாக வெளியிலிருந்து உள்ளே விட்டு, நூலை வெட்டில் மாட்டி, திரும்ப இழுத்தால் நூல் வெளியே வந்துவிடும்.

அதே சாயம், அதே தார், ஆனால் வாய் படவில்லை. வாய் படாததால் புண்ணும் இல்லை. கணக்கைக் கவிழ்த்தவன்தான் இப்போது அதை நிமிர்த்தினான்.

"எனக்கொண்ணு செஞ்சு குடு."

"செஞ்சு தாரேன். ஆனா கை பழகணும்ணே. எனக்கு ஒரு மாசமாச்சு."

முத்திருளனிடம் ஐந்து நாள்தான் இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை மேஸ்திரி கருத்தக்கண்ணன் வந்து நின்றார். சனிக்கிழமை ஊருக்குப் போக வேண்டும் என்று முத்திருளன் கேட்டான்.

"திருவிழாச் சரக்கு நிக்கிதுடா. வெள்ளிக்கிழமைக்குள்ள இந்தப் பாவை முடிச்சு எறக்கிட்டுப் போ. இல்லேன்னா போய்க்கிட்டே இரு, வேற ஆள் போட்டுக்கிறேன்." அப்போதுதான் அவன் கையிலிருந்த தகட்டைப் பார்த்தார். "அதென்னடா, நாடாவுக்கு மூக்குக் குத்துறியா?"

கூடம் சிரித்தது. கண்ணுச்சாமி தலையைத் தூக்கவில்லை.

"வாய் புண்ணா இருக்கு மேஸ்திரி. உறிஞ்ச முடியல."

"அம்புட்டு நொய்ஞ்ச வாயா? என்னமோ செய். வெள்ளிக்கிழமை பாவு எறங்கணும்."

உறிஞ்சினால் பாவு முடியும், வாய் ஆறாது. உறிஞ்சாவிட்டால் வாய் ஆறும், பாவு முடியாது. செவ்வாய்க்கிழமை அவன் முடித்தது நாற்பத்தைந்து தார்தான். பாதித் தடவை தகட்டில் நூல் மாட்டவில்லை, மீதித் தடவை அறுந்தது. கை சலித்தபோது நாடா தானாக வாய்க்குப் போனது. இரண்டு தடவை உறிஞ்சிவிட்டான். மூன்றாம் தடவை கண்ணுச்சாமி தன் தறியிலிருந்து, "அண்ணே!" என்று அதட்டினான்.

புதன்கிழமை சூட்சுமம் பிடிபட்டது. நூலைத் தளர விட்டுத் தகட்டால் தேடினால் அது நழுவிக்கொண்டே இருக்கும். தார் முனையிலிருந்து நூலை இழுத்து, கண்ணின் உட்பக்கம் குறுக்கே கட்டைவிரலாலும் நடுவிரலாலும் வில் நாண் போல விறைப்பாகப் பிடித்துக்கொண்டால், உள்ளே வந்த தகடு தானாகவே அதில் மாட்டிக்கொள்ளும். அறுவதற்குக் காரணம் வெட்டின் பிசிறு. அதைத் தேங்காய் எண்ணெய் விட்டுச் சாணைக்கல்லில் தேய்த்து மழுக்கினான். அன்று அறுபத்தெட்டு. வியாழன் எண்பத்தொன்று.

இன்னொன்றையும் அவன் அந்த நாட்களில்தான் கவனித்தான். உதடு காயும்போதெல்லாம் நாக்கு தானாக வெளியே வந்து நக்கியது. நக்கினவுடன் இதமாக இருக்கும். எச்சில் காயும்போது தோலில் இருக்கிற கொஞ்சநஞ்ச எண்ணெய்ப் பசையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போய்விடும். தோல் முன்னைவிடக் காய்ந்து பிளக்கும். மறுபடி நக்கத் தோன்றும். வெயிலில் நனைத்து நனைத்துக் காயவைத்த தோல்வார் வெடிக்கிற மாதிரிதான். அதனால் வாயைச் சுற்றிக் கெட்டியாக நெய் தடவினான். நெய் மேலே மூடிக்கொண்டிருந்தால் எச்சில் உள்ளே இறங்காது, உள்ளே இருக்கிற ஈரமும் வெளியே போகாது. எரியவுமில்லை.

வெள்ளிக்கிழமை விளக்கு வைக்கும் முன் பாவு இறங்கியது. மேஸ்திரி துணியைத் தடவிப் பார்த்துவிட்டு அடுத்த தறிக்குப் போனார்.

சனிக்கிழமை விடியலில் கிளம்பி, நாகமலை ஓரமாக நடந்து, வெயில் ஏறுமுன் ஊர்ச் சாவடிக்கு வந்தான். ஏழெட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். செல்லத்தாய் எதிரே வேப்பமரத்தடியில் தாய் ரெங்கம்மாளோடு நின்றாள். அவள் மெலிந்திருந்தாள். அவன் வாயைத்தான் முதலில் பார்த்தாள்.

நல்லகாமன் கையில் துரும்பு இருந்தது. அவர் வந்து முகவாயைப் பிடித்துத் திருப்பினார். சிவப்பு வளையம் மங்கியிருந்தது. இடது கடை மூடிவிட்டது. வலது கடையில் மட்டும் மெல்லிய கீற்று.

"முக்காவாசி ஆறியிருக்கு," என்றார் பெரியவர் ஒருவர்.

"முக்காவாசி செத்தவன்னு எவனாவது உண்டா? ஆறணும்னு சொன்னேன், ஆறல." நல்லகாமன் துரும்பை இரண்டு விரல்களுக்கிடையில் பிடித்தார்.

"மாமா, கிள்ளுறதுக்கு முந்தி ஒரு காரியம்." முத்திருளன் துணி மூட்டையை அவிழ்த்தான். யார் வாயும் படாத புது நாடா, செங்காவித் தார் ஒன்று, ஒரு வெள்ளைத் துணி. "இதக் கொஞ்சம் உறிஞ்சுங்க. புது நாடா, எச்சில் இல்ல."

"எதுக்கு?"

"எனக்கு எங்கயிருந்து வந்துச்சுன்னு கேட்டீகளே. காட்டுறேன்."

நல்லகாமன் பெரியவர்களைப் பார்த்தார். ஒருவர் செய்யச் சொல்லித் தலையசைத்தார். துரும்பை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, நாடாவை வாங்கிக் கண்ணில் வாய் வைத்து உறிஞ்சினார். நூல் வந்தது. முத்திருளன் அதை அறுத்து, "இன்னொருக்கா" என்றான். மறுபடி. மறுபடி.

"மாமனாருக்குப் பாலாடையில பால் ஊட்டுறான்டோய்," என்று யாரோ சொல்ல, சாவடி சிரித்தது. செல்லத்தாய் சிரிக்கவில்லை. பத்தாவது தடவை முடிந்ததும் முத்திருளன் வெள்ளைத் துணியை நீட்டினான்.

"தொடைங்க மாமா."

நல்லகாமன் துடைத்தார். துணி சிவந்தது. அவருடைய நரைத்த மீசையின் ஓரமும் சிவந்திருந்தது. அவர் வெற்றிலை போடுவதில்லை என்பது ஊருக்கே தெரியும்.

"பத்துத் தடவைக்கு இம்புட்டு. எனக்கு நாளுக்கு எம்பது தடவை. செவப்பு நெய்ற அஞ்சு பேர்ல நாலு பேருக்கு இதே புண்ணு, மறைச்சுக்கிட்டுத் திரியிறாங்க. உறிஞ்சாத ஒருத்தனுக்கு மட்டும் இல்ல. நான் உறிஞ்சுறத நிறுத்தி, தகட்டால நூலு எடுக்க ஆரம்பிச்சு நாலு நாள்தான் ஆச்சு. முக்காவாசி ஆறிருச்சு. மேகம் நாலு நாள்ல இப்பிடி ஆறுமா மாமா? ஒங்க தம்பிக்கு ஆறுச்சா?"

நல்லகாமன் துணியை வெயிலுக்கு நேராக விரித்துப் பார்த்தார். சாயத்தின் துவர்ப்பு நாக்கில் நின்றது போலும். இரண்டு தடவை துப்பினார்.

"அவனுக்கு ஒருநாளும் ஆறல," என்றார் கடைசியில். பிறகு பெரியவர்களிடம், "இன்னம் எட்டு நாள் தள்ளி வைப்போம். மிச்சமும் ஆறுதான்னு நானே செல்லூர் போய்ப் பாக்குறேன்."

"நீங்க எதுக்கு அலையணும்?" செல்லத்தாய் மரத்தடியிலிருந்து வந்தாள். "எட்டு நாளும் நானே பாக்குறேன். மச்சான், அது என்ன, நூலு எடுக்குற தகடு? காட்டுங்க."

ரெங்கம்மாள் அவள் கையைப் பிடித்தாள். செல்லத்தாய் விடுவித்துக்கொண்டாள். நல்லகாமன் தடுக்கவில்லை. துரும்பை முழுதாகவே கீழே போட்டுவிட்டு, வாய் கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டார்.

வலது கடை அடுத்த வியாழக்கிழமை மூடியது. அதற்குள் கண்ணுச்சாமி மேஸ்திரியின் கண்ணெதிரிலேயே உட்கார்ந்து உடைந்த அச்சுத் தகடுகளை அரத்தால் வெட்டி, காளைக்கும் பேச்சிமுத்துவுக்கும் இன்னொருவனுக்கும் கொடுத்திருந்தான். மேஸ்திரி துணியை அளந்து பார்த்தார், குறையவில்லை, விட்டுவிட்டார். சித்திரை பிறந்து பத்து நாளில் நாலு பேர் வாயும் ஆறிவிட்டது. பேச்சிமுத்து மீசையைக் குறைத்தான். அவர்கள் செய்தது இவ்வளவுதான்: சாய நூலை வாயால் உறிஞ்சாமல், நுனியில் வெட்டுப்போட்டுப் பிசிறு மழுக்கிய தகட்டை நாடாவின் கண்ணில் வெளியிலிருந்து விட்டு, உள்ளே விறைப்பாகப் பிடித்த நூலை அதில் மாட்டி இழுத்தார்கள், உதட்டை நக்கவில்லை, வேலைக்கு உட்காரும் முன்னும் படுக்கும் முன்னும் வாயைக் கழுவித் துடைத்து, கடைகள் மூடும்வரை கெட்டியாக நெய் தடவினார்கள்.